ஏறும் கைக்கு ஏற்ற கூலி

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கல்விக்கென்று தோன்றிய ஒரு கழகம் வெள்ளி விழாக் கொண்டாடும் வேளையில், மரம் ஏறுவோரின் கூலியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே நம் கருத்து. ராயபுரத்துத் தெருக்களில் வாழும் நம் மக்கள் இன்று பனியன் தொழிலை நம்பி வாழ்கின்றனர். ஆனால் அவர்களுள் பலருடைய பெற்றோரும் பாட்டன்மாரும் உடுமலை, மடத்துக்குளம், காங்கயம், தாராபுரம் பக்கத்துத் தோட்டந்தோப்புகளிலிருந்து பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்தவர்கள். பண்ணையாளாக இருந்தவர்களும், காய் உரித்தவர்களும், மரம் ஏறியவர்களும் அவர்களுள் உண்டு. பிள்ளைகளின் கையில் முதற்பலகையை வாங்கிக் கொடுத்த காசு, அந்தக் கைகள் ஈட்டிய காசு. இன்றும் நம் உறவினருள் சிலர் அத்தொழிலை விட்டுவிடவில்லை. சிலர் தோப்பில் தேங்காய் போடுகின்றனர். சிலர் நகரத்தில் வீடுகளின்மேல் சாய்ந்த கிளைகளை வெட்டுகின்றனர்.

சென்ற மழைக்காலத்துக்கு முன்பு நிகழ்ந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நம் தெருவைச் சேர்ந்த தோழர் ஒருவர், ஒரு வீட்டின் கூரைமேல் சாய்ந்திருந்த மரத்தின் கிளைகளை வெட்ட ஏறினார். கிளை முறிந்து கீழே விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. அந்த வேலையைப் பேசி முடித்தவர் ஓர் ஒப்பந்ததாரர். வீட்டுக்காரரிடம் பணம் பெற்றவரும் அவரே. எந்தக் கிளையை முதலில் வெட்டுவது என்று கீழிருந்து கட்டளையிட்டவரும் அவரே. மருத்துவச் செலவுக்கு உதவும்படி நாம் நான்கு பேர் சென்று கேட்டபோது, விழுந்தவர் தம்முடைய ஆள் அல்லர் என்றும், தனியாகத் தொழில் செய்பவர் என்றும் அவர் கூறினார். வேலை முடியவில்லை என்று அன்றைய கூலியையும் தரவில்லை.

கட்டளையிடும்போது வேலையாள், விழுந்த பிறகு தனித்தொழில் செய்பவர்! இந்த இரட்டை வழக்கைப் பற்றித்தான் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறோம்.

மரம் ஏறுபவர் மூவகைப்பட்டவரிடம் கூலி பெறுகிறார். முதலாமவர் தோப்புக்காரர். இரண்டாமவர், தோப்பின் காயை மொத்தமாக விலை பேசி, தம் ஆட்களைக் கொண்டு வெட்டி, காங்கயம், வெள்ளகோவில் பக்கத்துக் கொப்பரைக் களங்களுக்கோ வெளியூர்ச் சந்தைகளுக்கோ அனுப்பும் வியாபாரி. மூன்றாமவர், நகரத்தில் மரம் வெட்டும் வேலையை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர். இம்மூவரும் அடிக்கடி கூறுவது ஒன்று உண்டு: "ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று வாங்கி, ஒரு நாளில் ஆயிரம் ரூபாய் சம்பாதித்துவிடுகிறார்களே! பனியன் கம்பெனியில் நாள் முழுதும் நிற்பவனுக்குக்கூட இவ்வளவு கிடைப்பதில்லையே!" கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும் இப்பேச்சைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்குப் போடக் கற்பிப்பதற்குத்தானே இந்தக் கழகம் இருக்கிறது!

எடுத்துக்காட்டுக்காக, மரத்துக்கு 25 ரூபாய் என்றும், நாளொன்றுக்கு 40 மரம் என்றும் வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர், மரத்துக்கு மரம் இது மாறும். நமக்கு வேண்டியது கணக்கின் முறை. நாள்வருமானம் 1,000 ரூபாய். மழை பெய்தால் தண்டு வழுக்கும், ஏற முடியாது. ஒரு தோப்பில் காய் வெட்டினால் அடுத்த வெட்டுக்கு 45 முதல் 60 நாள் ஆகும். திருவிழா, நோய், உடல்வலி எல்லாம் கழித்தால், ஆண்டில் 180 நாள் வேலை கிடைத்தால் பெரிது. ஆகவே ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய். இதில் தோப்புக்குப் போய்வரும் செலவு நாளுக்கு 100 ரூபாய் வீதம் 18,000. கயிறு, அரிவாள், ஏறும் கருவியின் பழுது ஆகியவற்றுக்கு 6,000. மருத்துவத்துக்கும் காப்பீட்டுக்கும் 10,000. எஞ்சுவது 1,46,000 ரூபாய். வயிறு 180 நாள் மட்டும் பசிப்பதில்லை. 365 நாளும் பசிக்கிறது. எனவே 365 ஆல் வகுத்தால், நாளொன்றுக்கு 400 ரூபாய். ஆயிரம் என்று சொன்னவர் கண்ட தொகை இப்போது எங்கே போயிற்று?

கணக்கு இன்னும் முடியவில்லை. இருபது வயதில் ஏறத் தொடங்கும் ஒருவர் நாற்பத்தைந்து வயதுக்குமேல் முன்போல ஏற முடிவதில்லை. முழங்காலும் இடுப்பும் விடைபெற்றுக்கொள்கின்றன. 25 ஆண்டு ஈட்டியதைக் கொண்டு 40 ஆண்டு குடும்பம் நடத்த வேண்டுமானால், அந்த 400 ரூபாய் 250 ரூபாயாகச் சுருங்கிவிடும். 50 அடி உயரமுள்ள மரம் நாற்பது என்றால், ஒரு நாளில் 2,000 அடி ஏறி 2,000 அடி இறங்குகிறார். ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றைப் படியில்லாமல் நாற்பது முறை ஏறி இறங்குவதற்கு இது நிகர். இப்படித் தேய்ந்துபோகும் உடம்புக்கும் விலை உண்டு என்பதை எந்தப் பேரத்தில் யார் சேர்த்துப் பேசினர்?

இனி எதிர்ப்பக்கமாகக் கணக்கிடுவோம். ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 600 ரூபாயாவது வேண்டும் என்று கொண்டால், ஆண்டுக்கு 2,19,000. தொழிற்செலவு 34,000. ஆக 2,53,000 ரூபாய். 180 நாளில் 7,200 மரம். வகுத்தால் மரத்துக்கு 35 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது. அதாவது மரத்துக்கு 10 ரூபாய் உயர்வு. ஒரு வெட்டில் ஒரு மரத்தில் 12 காய் விழுமானால், அந்த உயர்வு ஒரு காய்க்கு 84 காசுக்குள் அடங்கும். தேங்காய் விலை ஏறும்போது கடைக்காரர் ஐந்தும் பத்தும் கூட்டிவிடுகிறார், உலகம் கவிழ்ந்துவிடுவதில்லை. ஏறுபவருக்காக ஒரு ரூபாய்க்கும் குறைவாகக் கூட்டினால் மட்டும் தொழிலே அழிந்துவிடும் என்பது நம்பத்தக்கதன்று.

விலையைப் பற்றியும் ஒரு சொல். அரவைக் கொப்பரைக்கு 2025 பருவத்தில் குவிண்டாலுக்கு 11,582 ரூபாய் என்று நடுவண் அரசு ஆதரவு விலை அறிவித்தது. உழவரைக் காக்க அது தேவை; அதை நாம் வரவேற்கிறோம். அதே ஆண்டில் வெளிச்சந்தையில் கொப்பரை கிலோ 200 ரூபாயையும் தாண்டியது. காய்க்கு ஆதரவு விலை உண்டு. அந்தக் காயைத் தரைக்குக் கொண்டுவருபவருக்கு ஆதரவுக் கூலி என்று எவரும் அறிவிக்கவில்லை. முற்காலத்தில் சில ஊர்களில் ஏறுபவருக்குக் காயாகவே கூலி கொடுத்தனர். அதில் குறைகள் பல உண்டு எனினும், விலை ஏறினால் கூலியும் தானே ஏறிற்று. பணக்கூலி வந்தபின் அந்தத் தொடர்பு அறுந்தது.

எதை அளவாகக் கொண்டு கூலி பேசுவது என்பதிலும் விழிப்பு வேண்டும். காய்க்கு இவ்வளவு என்று பேசும் வழக்கம் சில இடங்களில் உண்டு. 2016-ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயினாலும், வாடல் நோயினாலும் பல தோப்புகளில் காய்ப்புக் குறைந்துவிட்டது. காய் குறைந்தது என்பதற்காக மரம் குட்டையாகிவிடவில்லை. ஏறுகிற உயரம் அதே உயரந்தான். காய்க்கணக்கில் கூலி வாங்கினால், ஈ தின்ற நட்டத்தை ஏறுபவர் சுமக்க நேரும். ஆகவே மரத்தைக் கணக்கிட்டு, உயரத்துக்கு ஏற்பப் படிநிலை வைத்துப் பேசுவதே நேரிய முறை.

முதலாளி பக்கத்து நியாயத்தை மறைத்துப் பேசுவது கற்றவர்க்கு அழகன்று. சிறு தோப்புக்காரர் பலர் நோயாலும் தண்ணீர்ப் பஞ்சத்தாலும் நொந்திருக்கின்றனர். வியாபாரி முன்கூட்டிப் பணம் கட்டுகிறார். விலை சரிந்தால் நட்டப்படுகிறார். ஒப்பந்ததாரர் வேலையைத் தேடிப் பிடிக்கிறார். வண்டி, இயந்திர வாள், கயிறு எல்லாம் வைத்திருக்கிறார். இவற்றுக்காக ஒரு பங்கு எடுப்பது தவறாகாது. ஆனால் பங்கை எடுப்பவர் பொறுப்பையும் எடுக்க வேண்டும். வேலை தேடித் தந்ததற்குப் பங்கு வேண்டும் என்பார். விபத்து நேர்ந்தால் எனக்கென்ன என்பார். இவ்விரண்டையும் ஒருவரே ஒரே வாயால் சொல்லக்கூடாது. ஏறுபவர் உண்மையிலேயே தனித்தொழில் செய்பவர் எனில், விலையைச் சொல்லும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். அந்த விலையில் கருவியும், காப்பீடும், வேலையில்லா நாளும் அடங்கியிருக்க வேண்டும். வேலையாள் எனில், அவற்றை முதலாளி ஏற்க வேண்டும். இரண்டுமற்ற ஒரு நிலை, ஏமாற்றுக்கு இட்ட பெயர்.

பனியன் கம்பெனியில் வேலை செய்யும் தம்பிமார்களே! இது உங்களுக்குப் புதிய கதை அன்று. 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர், பஞ்சப்படியைப் பெற்றனர். அதன்பின்னர் வேலை சிறு சிறு கூடங்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் பிரிந்து பிரிந்து போயிற்று. பவர்டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர், வருங்கால வைப்புநிதி எங்கே, ஈ.எஸ்.ஐ. எங்கே என்று கேட்டால், "நீ கான்ட்ராக்ட்காரரின் ஆள்" என்று கம்பெனியும், "நீ பீஸ் ரேட்காரன்" என்று கான்ட்ராக்ட்காரரும் கைகாட்டும் காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். தோப்பில் நடப்பதும் அதுவே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பனியன் தொழிலில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் அமர்ந்து பேசி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூலி ஒப்பந்தம் செய்கின்றன. 2021-இல் அத்தகைய நான்காண்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. அது எல்லாக் கூடங்களிலும் முழுதாக நடக்கவில்லை எனினும், சுட்டிக்காட்ட ஒரு தாள் இருக்கிறது. மரம் ஏறுபவருக்கு அத்தாளும் இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே நின்று பேரம் பேசுகின்றனர். ஒருவர் 30 கேட்டால், மற்றவர் 25-க்கு ஏறுவார் என்று முதலாளி அறிவார்.

முன்பணம் என்னும் கயிற்றையும் சொல்லியாக வேண்டும். திருவிழாவுக்கும் பள்ளிக்கட்டணத்துக்கும் வியாபாரியிடம் வாங்கும் முன்பணம், அடுத்த ஆறு மாதத்துக்குக் கூலியைப் பற்றி வாய்திறக்கவிடாமல் கட்டிப்போடுகிறது. நம் முன்னோர் பண்ணையத்தில் பட்ட கடனும் இதே வேலையைத்தான் செய்தது. கடனைக் காட்டி ஒருவனை வேலைக்குக் கட்டிவைப்பதை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கிற்று. சட்டம் கயிற்றை அறுத்தது. வறுமை அதை மீண்டும் முடிகிறது.

கூலியும் கல்வியும் வெவ்வேறு என்று எண்ணுவோர் வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் திருவிதாங்கூரில் அய்யன்காளி அவர்கள், புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்த நிலவுடைமையாளரின் வயல்களில் எவரும் இறங்கக்கூடாது என்று மக்களைத் திரட்டினார். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள், தம் பிள்ளைகள் எழுதப் படிக்க வேண்டுமென்று வேலைநிறுத்தம் செய்தனர். அண்ணல் அம்பேத்கர், 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். 1946 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதாவை மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் அவரே. அது 1948-இல் சட்டமாயிற்று. கூலியைச் சற்று உயர்த்திக் கேட்ட மக்களுக்கு நேர்ந்ததையும் நாம் மறக்கவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். கூலி கேட்பது சிறிய காரியம் அன்று என்பதை அந்த நெருப்பு நமக்குச் சொல்லிவைத்திருக்கிறது.

சட்டம் நமக்கு என்ன தருகிறது? குறைந்தபட்சக் கூலி நாட்கூலிக்காரருக்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகின்றனர். எண்ணிக்கைக் கூலிக்கும் அது உண்டு என்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. அச்சட்டத்தின் இடத்தில் வந்து 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்தப்பட்ட 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. 1982-இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டடத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் மிகப்பெரிய உண்மை ஒன்றை நிலைநாட்டிற்று. பசியின் கட்டாயத்தால் ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக வேலை செய்தால், அது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்பது அத்தீர்ப்பு. "அவனே ஒத்துக்கொண்டுதானே வந்தான்?" என்ற கேள்விக்கு இதனினும் தக்க விடை இல்லை. ஆயினும் இவ்வுரிமைகள் யாவும் வேலையாள் என்பவருக்கே முழுதாகக் கிட்டுகின்றன. "தனியாள்" என்ற ஒரு சொல்லால் முதலாளி தப்பிக்க முயல்வது அதனால்தான். யார் வேலை சொன்னார், யார் பணம் கொடுத்தார், எத்தனை நாள் என்று எழுதிவைத்த குறிப்பு இருந்தால், அந்தச் சொல் நிற்காது.

வேறு வாயில்களும் உண்டு. 1981-இல் அமைந்த தென்னை வளர்ச்சி வாரியம், 2011 முதல் கேரளத்தில் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பெயரில் இளைஞர்க்கும் பெண்களுக்கும் கருவி கொண்டு ஏறும் பயிற்சி அளித்தது. ஏறுவோர் அருகிவிட்டதே அதற்குக் காரணம். ஏறுவோருக்கென்று 'கேர சுரக்ஷா' என்னும் விபத்துக் காப்பீட்டையும் அவ்வாரியம் நடத்துகிறது; கட்டணத்தின் பெரும்பகுதியை வாரியமே செலுத்துகிறது. நம் மாநிலத்தில், 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் நல வாரியங்கள் இருக்கின்றன. பனைமரத் தொழிலாளர்க்கெனத் தனி வாரியமும் உண்டு. விழுந்த நம் தோழர் இவற்றுள் ஒன்றிலும் பதிவு பெறவில்லை. படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுக்க எவரும் அவரை அணுகவில்லை. பட்டதாரிகளை உருவாக்கிய கழகம் இது. அந்த வெட்கத்தில் நமக்கும் பங்கு உண்டு.

பங்கு அதோடும் முடியவில்லை. நம் கழகக் கட்டடத்தின் பின்புறம் நிற்கும் தென்னைகளில் மட்டை கழிக்க ஆள் அழைத்தபோது, அவர் கேட்ட தொகையைக் குறைத்துப் பேரம் பேசியவர்கள் நாமேதாம். கழகத்துப் பணத்தைச் சிக்கனம் செய்தோம் என்று கணக்கிலும் எழுதினோம். ஏறுபவர் நம் இனத்தவர் என்பதால் குறைத்துக்கொள்வார் என்றும் எதிர்பார்த்தோம். நம் இளைஞருள் சிலர் இன்று வண்டியும் இயந்திர வாளும் வாங்கி ஒப்பந்தம் எடுக்கின்றனர். அதைக் கண்டு மகிழ்கிறோம். ஆனால் அவர்களும் "நம்ம பையன்தானே" என்று கூலியைக் குறைத்தால், கை மாறியிருக்கிறதேயன்றி முறை மாறவில்லை. பிறரிடம் கேட்கும் நியாயத்தை முதலில் நம் வாசலில் செய்து காட்ட வேண்டும்.

அதற்கென்று சிலவற்றை இம்மன்றத்தின் முன் வைக்கிறோம். ஒன்று, நம் வட்டாரத்தில் மரம் ஏறுவோர் அனைவரையும் ஓரிடத்தில் கூட்டி, மரத்தின் உயரத்துக்கேற்ற கூலிப் பட்டியலை அவர்களே வகுத்துக்கொள்ளத் துணைநிற்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று மரத்துக்காக அழைத்தாலும், மழையால் வேலை நின்றாலும் தரவேண்டிய குறைந்த அளவுத் தொகையும் அதில் இருக்க வேண்டும். இரண்டு, நகரத்துக் கிளைவெட்டும் வேலையில் மின்வாரியத்தார் மின்னோட்டத்தை நிறுத்தாமல் எவரும் ஏறுவதில்லை என்ற உறுதி வேண்டும். மூன்று, ஒவ்வொருவர் கையிலும் ஒரு குறிப்பேடு; தேதி, இடம், மரம், தொகை, கொடுத்தவர். எழுதத் தெரியாதவர்க்கு நம் மாலைப்பள்ளி மாணவர் எழுதித் தரட்டும். நான்கு, ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் நல வாரியப் பதிவும் காப்பீடும். ஐந்து, முன்பணத்துக்கு வியாபாரியின் வாசலுக்குப் போகாதிருக்க, பள்ளி திறக்கும் மாதத்தில் கைகொடுக்கும் சிறுசேமிப்பு நிதி ஒன்று.

தோழர்களே! "மரமேறி" என்பதை வசைச்சொல்லாக வழங்கிய நாடு இது. காயின் முற்றலைத் தட்டிப் பார்த்தே சொல்லும் அறிவும், காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் குருத்தில் புகுந்ததை முதலில் கண்டுசொல்லும் கண்ணும், ஓர் ஓலைமட்டை தன்னைத் தாங்குமா என்று நொடியில் அளக்கும் கையும் தொழில்நுட்பம் அல்லாமல் வேறென்ன? அத்திறனுக்குத் தாழ்ந்த பெயர் இட்டதனாலேயே தாழ்ந்த கூலி கொடுக்க முடிந்தது. நம் பிள்ளைகள் அனைவரும் மரம் ஏற வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் விரும்பிய தொழிலுக்குச் செல்லட்டும். ஆனால் எவர் ஏறினாலும், அவர் பசியால் தள்ளப்பட்டு ஏறாமல், தம் விலையைத் தாமே சொல்லி ஏற வேண்டும்.

கால்முறிந்த நம் தோழர் இன்று ஊன்றுகோலோடு இந்த அரங்கின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய மகள் நம் மாலைப்பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். கூலிக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தை அவள் கையால் எழுதித் தொடங்குவோம். கழகத்தின் தென்னைகளுக்கு அடுத்த முறை மட்டை கழிக்கும் நாளில், பட்டியலில் உள்ள தொகையைக் குறையாமல் கொடுத்து, அதையும் கணக்கில் எழுதுவோம். இருபத்தைந்து ஆண்டு நிறைவுக்கு இதனினும் தக்க நினைவுச்சின்னம் நமக்கு வேண்டியதில்லை.